சிம்னியில் பாதி

கால் விரலை இடித்துக்கொண்டீர்களா தம்பி? இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தக் கல்லில்தான் இடித்துக்கொள்கிறார்கள். உட்காருங்கள். அம்மா, நீங்களும் உட்காருங்கள். கம்பளியைக் காலுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

சுவரை ஒட்டித் தரையில் கருங்கல் பலகை எதற்கு, நெஞ்சுயரத்தில் ஒரு மரப்பலகை எதற்கு, இரண்டுக்கும் நடுவில் வெறும் சுவர் எதற்கு என்று கேட்கிறீர்கள். எல்லோரும் கேட்பார்கள். சாமி படம் வைக்கக் கட்டினது, பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். நீங்கள் குளிர்காயக் கணப்பு இருக்கும் என்று நினைத்து வந்தோம் என்று சொன்னீர்களே, அதனால் சொல்கிறேன். கணப்பு இருந்தது. அந்தச் சுவருக்குள்ளே இப்போதும் இருக்கிறது. நான் கட்டினது.

மூடினது மூன்று பேர். ஒருவன் என்னோடு பிறந்தவன். ஒருவன் என்னிடம் வேலை பார்த்தவன். மூன்றாவது ஆள் என் சம்சாரம்.

இது எங்கள் அப்பா வாங்கின பங்களா. யாரோ ஒரு துரைசானி விற்றுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறிப் போனாள். அப்பா மலைப்பூண்டு வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கிறவர். முன்பக்கம் பெரிய ஹால். ஹாலில் கணப்பு. வீட்டின் நடுச்சுவரில்தான் சிம்னி மேலே போகிறது. அப்பா போன பிறகு எனக்கும் தம்பி ராசாங்கத்துக்கும் ஒத்து வரவில்லை. என்ன சண்டை என்று கேட்காதீர்கள். ஒரு பூண்டு மூட்டையில் ஆரம்பித்தது, எங்கெங்கோ போயிற்று. கடைசியில் வீட்டை இரண்டாகப் பிரிப்பது என்று ஆனது.

மூத்தவன் நான். முன்பக்கம் எனக்கு என்பதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டுமா? ராசாங்கம் சொன்னான்: "பூப் போட்டுப் பாப்பம்ணே. யாருக்கும் மனசுல ஒண்ணும் இருக்காது."

சாமி முன்னால் இரண்டு பொட்டலம் வைத்தார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி. எனக்குப் பின்பக்கம் விழுந்தது. சாமியை நான் குறை சொல்லவில்லை. பூப் போட வேண்டும் என்று சொன்னவனைத்தான் சொல்கிறேன்.

ஊர்ப் பெரியவர்கள் கயிறு பிடித்து அளந்தார்கள். நடுச்சுவர் இரண்டு பேருக்கும் பொது என்று தீர்த்தார்கள். ஹாலுக்குப் போகிற கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தோம். அன்றைக்கே என் சம்சாரத்திடம் சொல்லிவிட்டேன், இனி அந்தப் பக்கம் இந்த வீட்டு ஆள் யாரும் கால் வைக்கக் கூடாது, அந்தப் பக்கத்துப் பேச்சும் இங்கே கூடாது என்று. அவள் தலையை ஆட்டினாள். தனபாக்கியம் என்று பெயர். அதிகம் பேச மாட்டாள். சொன்னதைத் தட்ட மாட்டாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. இருக்கிறது நாங்கள் இரண்டு பேர், அதில் என்ன ஒளிவு மறைவு இருக்கப் போகிறது என்று இருந்தேன்.

அந்த மார்கழியில் பனி தம்பி, வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி கட்டிவிட்டது. நான் முற்றத்தில் நின்று பார்க்கிறேன், சிம்னியில் புகை போகிறது. அவன் ஹாலில் தீ எரிகிறது. அப்பா உட்கார்ந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. சுவர் பொது என்றால், சுவருக்குள் போகிற சிம்னியும் பொதுதானே? அதில் பாதி என்னுடையதுதானே? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருஷம் மழை விட்டதும் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்கப் படித்தேன். புத்தகம் இல்லை. பூண்டு கொடுக்க எந்தப் பங்களாவுக்குப் போனாலும் கணப்புக்குள் தலையை விட்டு மல்லாந்து பார்ப்பேன். ஒரு பங்களாவில் காவலாளி என் காலைப் பிடித்து இழுத்துவிட்டான். "உள்ள என்னத்தய்யா தேடுற?" என்றான். "வானத்தத் தேடுறேன்" என்றேன். "வெளிய வந்து தேடு, நெறையா இருக்கு" என்றான். சிரிக்கிறீர்கள். ஆனால் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் பிடிபட்டது. அடுப்பு வாய் இவ்வளவு அகலம் என்றால் மேலே கழுத்து எவ்வளவு ஒடுங்க வேண்டும், பின்சுவர் எந்த உயரத்தில் முன்னால் சாய வேண்டும், கழுத்துக்குப் பின்னால் ஒரு திட்டு விட்டால் மேலேயிருந்து இறங்குகிற காற்று அதில் மோதித் திரும்பும் என்பது வரைக்கும். எல்லாம் கண்ணால் கற்றது.

கொத்தனாருக்குச் சூசையைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். வந்தான், நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தான், வெளியே போய்க் கூரையைப் பார்த்தான்.

"மொதலாளி, வெளிச்சுவர் ஓரமா தனியா ஒரு சிம்னி எழுப்பிருவம். கூரை முகட்டத் தாண்டி நிக்கட்டும். வேல சுத்தமா இருக்கும்" என்றான்.

"இருக்கிற சிம்னிக்கு என்ன கேடு?" என்றேன்.

"அது ஒரு கணப்புக்குக் கட்டினது. ஒரு மூக்குல ரெண்டு ஆளு மூச்சு விட முடியுமா?"

"அதுல பாதி எனக்குப் பாத்தியம்டா."

"சுவத்தப் பாகம் பிரிக்கலாம் மொதலாளி. பொகைய எப்படிப் பிரிப்பீங்க? இந்தப் பக்கம் எரியயில அந்தப் பக்கம் குளுந்து கெடந்தா, பொகை மேல போறதுக்கு பதிலா அங்கிட்டு எறங்கிரும். பொகையாச்சும் கண்ணுல தெரியும். கங்கா கெடக்கும்போது வர்ற காத்து இருக்கே, அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளயே மயக்கிப் போட்டுரும்."

நான் கேட்டுக்கொண்டேன். கேட்காமல் இல்லை. ஆனால் தனியாக ஒரு சிம்னி கட்டினால் என்ன அர்த்தம்? பழைய சிம்னி முழுக்க அவனுடையது என்று நானே ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. அதைச் சூசையிடம் விளக்க முடியுமா? "நான் சொல்றதச் செய்" என்றேன். செய்தான்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது தம்பி. நெருப்பைத் தாங்குகிற செங்கல்லாகப் பொறுக்கி எடுத்தேன். பொறி தெறித்துப் பலகைத் தரையில் விழக் கூடாது என்று அந்தக் கருங்கல்லைப் போட்டேன், நீங்கள் இடித்துக்கொண்டது அதில்தான். சாமான் வைக்க அடுப்பு வாய்க்கு மேலே அந்த மரப்பலகையைப் பதித்தேன். புகை போகிற வழிக்கும் கூரை உத்திரத்துக்கும் நடுவில் கட்டை எதுவும் படாமல் இடைவெளி விட்டேன். உட்பக்கம் பூச்சு வழவழவென்று, கையை விட்டால் வெண்ணெய் மாதிரி. கடைசியாகப் பழைய சிம்னியின் வயிற்றில் ஓட்டை போட்டு என் வழியைச் சேர்த்தோம். அந்த ஓட்டையைப் போடும்போது சூசை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். நான் சிரித்தேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுக் கணப்பில் தீ மூட்டுவதற்கு முன்னால் புகை விட்டுப் பார்ப்பார்கள். சிம்னி வாயில் ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு, கீழே பச்சைத் தைலமர இலையைக் கொளுத்துவது. புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளே அலையும். எங்கே விரிசல் இருந்தாலும் அங்கே கசியும். வீட்டில் அறைக்கு ஓர் ஆள் நின்று பார்க்க வேண்டும்.

சூசை கூரையில் நின்று சாக்கைப் போட்டான். நான் இலையைக் கொளுத்தினேன். தனபாக்கியம் சமையல்கட்டில் நின்றாள், அவன் கையாள் படுக்கையறையில் நின்றான்.

"அந்தப் பக்கமும் ஒரு ஆளு நின்னு பாக்கணும் மொதலாளி" என்று மேலேயிருந்து கத்தினான் சூசை.

"அங்க நம்ம ஆளு போறதில்ல."

"அவுங்க ஆளுகிட்டயாச்சும் கேக்கலாம்ல?"

"பேச்சுவார்த்த இல்லடா. ஒனக்குத் தெரியாதா?"

இந்தப் பக்கம் முழுக்கத் தேடினோம். ஒரு நூல் அளவு புகை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முதல் தடவையாகக் கட்டினவன், ஒரு இடத்தில்கூடக் கசியவில்லை என்றால் பாருங்கள். அவ்வளவு புகையும் எங்கேதான் போயிற்று என்று சூசை கேட்டான். நல்ல வேலை என்றால் அப்படித்தான் என்று சொன்னேன்.

அந்தக் கார்த்திகையில் ராசாங்கம் வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. அவன் சம்சாரம் பாண்டிச்செல்விக்கு ரொம்ப வருஷம் கழித்துத் தங்கின பிள்ளை. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நாங்கள் போகவில்லை.

மார்கழி பிறந்ததும் மூட்டினேன். என்ன தீ தம்பி அது. உறுமிக்கொண்டு எரியும். நான் ஒரு நாற்காலி, தனபாக்கியம் ஒரு முக்காலி. அவளுக்குக் குளிர் ஆகாது, மூட்டு வலிக்காரி, அவளுக்காகத்தானே கட்டினது. ஆனால் அவள் நிலைகொண்டு உட்கார மாட்டாள். கொஞ்ச நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். அந்த மாடு அந்தப் பனிக்காலத்தில் குடித்த தண்ணீருக்கு ஒரு ஏரி வற்றியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது அவள் கையில் வசம்பு வாசம் அடிக்கும். வயிற்றுக் கோளாறு போல, சொல்லிக்கொள்ள மாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

தீயைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"அந்தப் பக்கம் பொகை எறங்குதோ என்னமோ" என்றாள் ஒரு நாள்.

"அந்தப் பக்கப் பேச்சு இங்க எதுக்கு?" என்றேன்.

"பிள்ள இருமுறது சுவத்து வழியா கேக்குது."

"பனிக்கு ஊரே இருமுது."

இன்னொரு நாள், "இன்னைக்கு மட்டும் தீப் போட வேணாங்க" என்றாள்.

"குளுருமே."

"எனக்குக் குளுரல."

பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டே சொல்கிறாள், குளிரவில்லையாம். புருஷன் பாடுபட்டுக் கட்டினதை ஏற்றுக்கொள்ள மனசு வராத பெண்களும் இருக்கிறார்கள். நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள் அம்மா, உங்களைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம். விறகெல்லாம் எரிந்து செக்கச்செவேல் என்று கங்காகக் கிடக்கிறது. அதுதான் கணப்பின் நல்ல நேரம். அவள் மாட்டுக்குப் போனவள் விடுவிடென்று உள்ளே வந்தாள். தலையில் முக்காடு இல்லை. சமையல்கட்டுக்குப் போனாள், தவலைத் தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தீயில் கவிழ்த்துவிட்டாள். வீடெல்லாம் சாம்பலும் ஆவியும். பின்சுவர்ச் செங்கல் படார் படார் என்று வெடித்தது. 

"என்னடி இது?"

அவளுக்கு மூச்சு வாங்குகிறது. "பிள்ள..." என்றாள்.

"பேசாத" என்றேன். "ஒரு வார்த்த பேசாத."

பேசவில்லை. தவலையை வைத்துவிட்டு மறுபடியும் வெளியே போய்விட்டாள். நான் வெடித்த செங்கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தவறியிருக்கும், பதற்றத்தில் என்னென்னவோ உளறுகிறாள் என்று நானாகவே சமாதானம் செய்துகொண்டேன். பாருங்கள், அப்போதும் அவளை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் வடுகப்பட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு கீழே போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது சொன்னேன்: "வரும்போது புதுச் செங்கல் வாங்கிட்டு வர்றேன். வந்த அன்னைக்கே மூட்டிருவம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வந்த அன்னைக்கேவா?" என்றாள். "அன்னைக்கே" என்றேன்.

சந்தை முடித்து, செங்கல்லை லாரியில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். உள்ளே வந்தால் கணப்பு இல்லை. சுவர் இருக்கிறது. நீங்கள் பார்க்கிறீர்களே, இதே சுவர். பூச்சு இன்னும் ஈரம் காயவில்லை. முதலில் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டேனா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. தனபாக்கியம் முக்காலியில் உட்கார்ந்து அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் செஞ்சது?"

"நான்தான் செய்யச் சொன்னேன். சூசை வச்சான். செங்கல் தம்பி எடுத்துக் குடுத்துச்சு."

தம்பி. என் தம்பியை அவள் தம்பி என்கிறாள்.

"அன்னைக்கு நான் அங்க போனப்ப" என்று ஆரம்பித்தாள், முறத்தைக் கீழே வைக்காமலே. "பாண்டிச்செல்வி தூளிக்குக் கீழ விழுந்து கெடந்தா. பிள்ளையத் தூக்கினா கழுத்து நிக்கல. கண்ணு தெறக்கல. சுவரு வெதுவெதுன்னு இருக்குன்னு இந்தச் சுவத்து ஓரமாத்தான் தூளியக் கட்டியிருந்தாக. பிள்ளைக்கு ஆகாதுன்னு அவுங்க கணப்ப மூட்டுறதே இல்ல. ரெண்டு பேத்தையும் வாசலுக்கு இழுத்துப் போட்டேன். பனிக்காத்து மொகத்துல பட்டப்பறம்தான் பிள்ள அழுதுச்சு. கொழந்த செத்துப் பொழச்சிருக்குங்க."

"யார் கொழந்த?"

"நம்ம கொழந்த."

"நமக்கு ஏதுடி கொழந்த?"

அவள் அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். எனக்கு மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. 'அன்னைக்கு நான் அங்க போனப்ப' என்கிறாள். அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் போனாளா? தினமும் போனாளா? பிள்ளை பிறந்த நாளிலிருந்தா? அதற்கும் முன்னாலிருந்தா? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

வெளியே போய் முன்வாசலில் நின்று கத்தினேன். ராசாங்கம் வந்தான். வாசல்படியில் நின்றான், இறங்கவில்லை.

"அண்ணே, அடிக்கிறதுன்னா அடி. மதினிய ஒண்ணும் சொல்லாத" என்றான். என் பெண்டாட்டிக்கு என்னிடம் சிபாரிசு செய்ய இவன் யார்?

சூசையைப் பிடித்தேன். "என் வீட்டுல யாரக் கேட்டுடா சுவர் வச்ச?"

"அக்கா கூப்பிட்டுச்சு மொதலாளி."

"வேலைக்கு வச்சது நானா, அவளா?"

"அந்தப் பக்கம் ஒரு ஆள அனுப்பிப் பாக்கச் சொன்னேன்ல. நீங்க அனுப்பல. அக்கா போயிருச்சு" என்று சொல்லிவிட்டுக் கரணையைக் கழுவப் போய்விட்டான்.

நான் திரும்ப உடைக்கவில்லை. சுத்தியலை எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. சுத்தியலை வைத்துவிட்டேன். உடைத்தால் மறுபடியும் அவள் மூடுவாள், அந்த அசிங்கம் எதற்கு என்றுதான் வைத்தேன்.

அந்தப் பனிக்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. அப்புறம் பேசினேன். ஒரே வீட்டில் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? ஆனால் பழைய மாதிரி இல்லை. இப்போதெல்லாம் அவள் ஒளிந்து போவதில்லை. தண்ணீர்த் தவலையை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் பக்கம் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டே போவாள். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். அந்தப் பிள்ளை, தேன்மொழி என்று பெயர், வளர்ந்து முற்றத்தில் ஓடும்போது "பெரியம்மா" என்று கூப்பிடும். என்னைப் பார்த்தால் நின்றுவிடும்.

அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் கடைசியாகப் படுத்தது போன வருஷத்துக்கு முந்தின மார்கழி. இந்த அறை குளிர் தாங்கவில்லை. சட்டியில் கரிக் கங்கு போட்டுக் கட்டிலுக்கடியில் வைக்கிறேன் என்றேன். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டால் கதகதப்பாக இருக்கும் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. நான் அங்க போய்ப் படுத்துக்கிறேன். ஹால்ல தீ இருக்கு" என்றாள்.

"இத்தன வருஷம் கழிச்சு அங்கயா?"

"நீங்களும் வாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பாய் போட எடம் இருக்கும்."

 தேன்மொழி வந்து தோளைக் கொடுத்தது. இரண்டு பேரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து போனார்கள். மூலையில் திரும்பும் இடத்தில் அவள் நின்று என்னைப் பார்த்தாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் போனாள். பொங்கல் வரைக்கும் இருக்கவில்லை. என் சம்சாரம், என்னோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவள், அந்தப் பக்கத்து வாசல் வழியாகத்தான் போனாள். முற்றத்தில் இறக்கி வைத்தார்கள், செய்ய வேண்டியதை அங்கே நின்று செய்தேன். உள்ளே போகவில்லை. இதுவரைக்கும் போனதில்லை.

இப்போது சொல்லுங்கள் தம்பி. நான் என்ன கல்லா? தம்பி பிள்ளை செத்தாலும் பரவாயில்லை என்கிற ஆளா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நானே மூடியிருப்பேன். சொல்லவே இல்லையே.

அம்மாவுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. இங்கே உட்கார்ந்து என்ன பயன்? வெளியே போய் வீட்டைச் சுற்றி முன்பக்கம் போங்கள். தீ எரியும். பின்பக்கம் தங்கியிருக்கிறோம் என்று சொன்னால் போதும், உட்கார வைப்பார்கள், காப்பி கொடுப்பார்கள். அந்தப் பெண் தேன்மொழி நல்ல மாதிரி.

தம்பி, ஒரு நிமிஷம். பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி அதனிடம் ஒன்று கேளுங்கள். பெரியம்மா கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருந்தீர்கள், தீக்குப் பக்கத்திலா, கொஞ்சம் தள்ளி இந்தச் சுவர் ஓரமாகவா என்று. நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். வந்து சொல்லிவிட்டுப் படுங்கள்.